மெல்ல இழுக்கவும்

அக்கா விமானத்தில் ஏறிய செய்தி செவ்வாய்க்கிழமை இருட்டுவதற்குள் நான்கு மாடிக்கும் எட்டிவிட்டது. எட்டாமல் என்ன செய்யும்? மாடிப்படியில் ஈரக் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரையும் நிறுத்தி அவளேதான் சொன்னாள். எதிர்வீட்டு டீச்சர் வசமாக அகப்பட்டுக்கொண்டார். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடமாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

"பறக்கவே இல்லையா?" என்றார் டீச்சர்.

"பறக்காத பிளேனு டீச்சர். ஒரு பெரிய ஷெட்டுக்குள்ள நிக்குது. ஆனா உள்ள போய் உக்காந்தா அசல் மாதிரியே இருக்கு. சீட்டு, பெல்ட்டு, குட்டி ஜன்னல், எல்லாம். ஜன்னலுக்கு வெளிய மேகம்கூட வரைஞ்சு ஒட்டியிருக்காங்கன்னா பாத்துக்குங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திடீர்னு மேல ஒரு கதவு டப்புனு திறந்துச்சு. மாஸ்க்கு தொங்குது. எடுத்து மாட்டணும். பதினொரு செகண்டு! பக்கத்துல இருந்த ஆளு இன்னும் பட்டைய எங்க மாட்டறதுன்னு தடவிட்டிருக்காரு, நான் மாட்டி முடிச்சுட்டேன். நம்ம பாப்பா செஞ்ச மாஸ்க்கு இல்ல? நமக்கு மாட்டத் தெரியாதா?"

கதவுக்கு உள்பக்கம் சாப்பாட்டு மேசையில் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த பாப்பாவுக்கு இதெல்லாம் தெளிவாகக் கேட்டது. நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரை, கீழே ஏழு பேர் வேலை பார்க்கிற பொறியாளர். அக்காவுக்கு மட்டும் அவள் பாப்பாதான். அக்கா சொல்லிச் சொல்லிப் பாப்பாவின் கணவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. அந்தப் பாப்பாவுக்கு அப்போது எழுந்துபோய் அக்காவின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. அப்படித் தோன்றியதே கேவலமாக இருந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, உங்க அக்காவ பைலட் ஆக்கிட்டியா? காலைல உன் கண்ணாடியக் குடுத்துட்டு வரேன்னுதானே போனாங்க?"

பாப்பா மேசையைப் பார்த்தாள். காலையில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி, உறையோடு, வைத்த இடத்திலேயே இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு போய், கொடுக்காமலேயே திரும்பக் கொண்டுவந்து, இருந்த இடத்தில் வைத்திருந்தாள். "ஆளு கம்மியா இருந்தாங்க, உள்ள கூப்பிட்டுட்டாங்க" என்று கணவரிடம் மென்று விழுங்கினாள் பாப்பா.

நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் பாப்பாவின் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊரின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. அதற்குள் ஐம்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனி. விமானத்தில் காற்று குறைந்தால் பயணிகளின் தலைக்கு மேலே இருந்து தொங்கி விழுமே ஆக்ஸிஜன் மாஸ்க், அதை வடிவமைப்பதுதான் பாப்பாவின் பிரிவு. மஞ்சள் கிண்ணம், அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை, தலைக்குப் பின்னால் போட ஒரு எலாஸ்டிக் பட்டை, காற்று வர ஒரு டியூப். இவ்வளவுதான் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. மாஸ்க்கிலிருந்து ஒரு மெல்லிய கயிறு, மேலே மாஸ்க்கை அடைத்து வைத்திருக்கும் பெட்டிக்குள் போய் ஒரு ஊசியில் கட்டியிருக்கும். பயணி மாஸ்க்கைத் தன் பக்கம் இழுத்தால் கயிறு விறைக்கும், ஊசி கழலும், அதன் பிறகுதான் ஆக்ஸிஜன் வரும். இழுக்காவிட்டால் வராது. ஒவ்வொரு மாஸ்க்குக்கும் ஒரு ஊசி.

இந்த மாஸ்க்கில் பாப்பாவின் மூன்று வருடம் இருக்கிறது. முதல் மாதிரியைச் சோதித்தபோது, வந்தவர்கள் பயத்தில் பிடுங்கிய பிடுங்கலில் டியூப்பே கழன்று கையோடு வந்தது. ஒருவர் பெட்டியின் கதவையும் சேர்த்துக் கொண்டுவந்தார். அதற்குப் பாப்பா இரண்டு வைத்தியம் செய்தாள். கயிற்றை ஒரு சாண் நீளமாக்கினாள். முன் இருக்கையின் முதுகில் செருகியிருக்கும் குறிப்பு அட்டையில் "இழுக்கவும்" என்று இருந்ததை "மெல்ல இழுக்கவும்" என்று மாற்றினாள். அதற்குப் பிறகு டியூப் கழன்றது என்ற பேச்சே இல்லை. அந்த 'மெல்ல'வைப் பற்றி அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

செவ்வாய்க்கிழமை நடந்தது கடைசிச் சோதனை. விமானத்தையே பார்த்திராத இருபத்து நான்கு பேரை, ஒரு தடவைக்கு ஆறு பேராக, அந்தப் பொய் விமானத்தில் உட்கார வைத்து மாஸ்க்கை விழவிட வேண்டும். ஒருவருக்குக் காற்று வராமல் போனால் பரவாயில்லை. இரண்டாவது ஆளுக்கும் வராமல் போனால் மாஸ்க் தோல்வி, மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் சுற்றிலேயே ஒரு பருமனான மனிதர் மூக்குக்கண்ணாடியில் பட்டை சிக்கித் திண்டாடி அந்த ஒரு சலுகையைத் தீர்த்துவிட்டார்.

மழை காலையிலிருந்து விடாமல் பெய்தது. கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் வாசல் கூரைக்குக் கீழே ஒண்டி நின்றார்கள். அக்கா கண்ணாடியோடு வந்தபோது அங்கேதான் ஒதுங்கினாள். வரவேற்பில் இருக்கும் பெண் வெளியே வந்து, "எல்லாரும் உள்ள வாங்க, வாங்க" என்று ஆட்களை ஓட்டிக்கொண்டு போனாள். உள்ளே போக இதுதான் வழி போலிருக்கிறது என்று அக்காவும் கூடவே போனாள். வர வேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை, ஆகவே எண்ணிக்கை சரியாக இருந்தது.

பாப்பா கையில் படிவத்தோடு, வந்தவர்களைப் பதிவு செய்யும் அறைக்குள் நுழைந்தபோது அக்கா மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். வீட்டில் போட்டுக்கொள்ளும் சாயம் போன உடை. நனைந்த ரப்பர் செருப்பு. லாண்டரி பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பையில் கண்ணாடி உறை.

"விமானத்துல ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டாள் வரவேற்புப் பெண்.

"இல்லம்மா."

"இங்க வேலை பாக்கிறவங்கள்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? இருந்தா நீங்க உக்கார முடியாது."

அக்கா நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்தாள். "இது எங்க அக்கா" என்று பாப்பா சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். கண்ணாடியை வாங்கிக்கொண்டு, ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் பாப்பாவுக்குப் பின்னால் இரண்டு சக பொறியாளர்கள் நின்றிருந்தார்கள். போன மாதம் அவர்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, "அக்கா துணி லைன்ல இருக்காங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். பொய்யில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி போடுகிறவள் துணி லைனில் இல்லாமல் வேறு எதில் இருக்கிறாள்? அவர்கள் துணிக்கடை என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

பாப்பா தலையைக் குனிந்து படிவத்தைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் அதில் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"யாருமில்லம்மா" என்றாள் அக்கா. கண்ணாடி உறையைப் பையின் அடிக்குத் தள்ளினாள்.

மூன்றாம் எண் இருக்கை. அக்கா உட்கார்ந்ததும் குறிப்பு அட்டையை எடுத்துப் படித்தாள். மற்ற ஐந்து பேரும் மேகத்தையும் பெல்ட்டையும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற ஆள் அவள். அறிவிப்பு ஒலித்தது, விளக்கு மங்கியது, மேலே கதவுகள் திறந்தன. ஐந்து பேரும் வெடுக்கென்று இழுத்தார்கள். அக்கா இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி, முதுகை நிமிர்த்தி, மாஸ்க்கைத் தன்னிடம் கொண்டுவராமல் முகத்தை மாஸ்க்கிடம் கொண்டுபோனாள். பட்டையைப் போட்டாள், முறுக்கில்லாமல் நீவிவிட்டாள். விலை உயர்ந்த சட்டையின் காலரை நீவுகிற அதே கை.

பாப்பாவின் முன்னால் இருந்த பலகையில், காற்று வருவதைக் காட்டும் பச்சை விளக்குகள் ஐந்து எரிந்தன. மூன்றாவது எரியவில்லை.

நான்கு நிமிடம். அந்த மாஸ்க்கில் வெளிக்காற்றும் கொஞ்சம் நுழைய வழி உண்டு, அதனால் தரையில் மூச்சுக்குப் பயமில்லை. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அடியில் பை சப்பையாகத் தொங்கியது. ஒரு தடவைகூட அவள் மாஸ்க்கைத் தொடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.

விளக்குப் பலகை பாப்பாவின் பொறுப்பு. தலைமைப் பொறியாளர் முன்வரிசையில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும், பிறர் டீ குடிப்பதைக்கூட அளப்பார் என்பதால் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்றே பெயர். அவர் திரும்பி, "எல்லாம் ஓகேயா?" என்றார்.

பாப்பாவின் கை தானாக எழுதியது என்று சொன்னால் அது பூசி மெழுகுவது. அவள் யோசித்துத்தான் எழுதினாள். அறிவிப்பையோ குறிப்பையோ புரிந்துகொள்ள முடியாதவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு விதி இருக்கிறது. 'இருக்கை மூன்று: குறிப்பு புரியவில்லை. நீக்கப்பட்டது' என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதினாள். "ஒருத்தங்களுக்கு சொன்னது புரியல சார். மத்தபடி ஓகே" என்றாள்.

"இருபத்து நாலுல ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்" என்றார் ஸ்டாப்வாட்ச். வெள்ளிக்கிழமை அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை காலியானதும் பாப்பா அந்தப் பொய் விமானத்துக்குள் போய் மூன்றாம் எண் இருக்கையில் உட்கார்ந்தாள். மாஸ்க்கை விழவிட்டாள். அக்கா செய்ததுபோலவே ஏந்தினாள், முகத்தைக் கொண்டுபோனாள், பட்டையைப் போட்டாள். அவள் சேர்த்த ஒரு சாண் கயிறு மாஸ்க்குக்குப் பக்கத்தில் தொளதொளவென்று தொங்கியது. காற்று வரவில்லை. தலையைப் பின்னால் சாய்த்தாள், அப்போதும் வரவில்லை. கூரையில் மழை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.  இது அக்காவின் பிழையில்லை, தன் பிழை. அதுவும் கணக்குப் பிழையல்ல. அட்டையைப் படிக்காதவன் பிழைப்பான், படித்துச் சொன்னபடி செய்கிறவள் காற்றில்லாமல் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவு உயரத்தில் அரை நிமிடம் போதும், தலை தொங்கிவிடும். இந்த மாஸ்க்கை ஆயிரக்கணக்கான இருக்கைகளுக்கு மேலே மாட்டப் போகிறார்கள்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் போய் முகம் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். சொன்னால், அந்த மூன்றாம் எண் யார் என்பதும் வெளியே வரும். அதைத் தாண்டி அவளால் யோசிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். மூன்று நாளாகக் காயாத துணி வீடெல்லாம் கொடியில் தொங்க, அக்கா ஒவ்வொன்றாக எடுத்து இஸ்திரி போட்டே காயவைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க லாண்டரியில் நின்றுவிட்டு வந்து இங்கேயும் அதே வேலை. ஈர நீராவியில் அவள் முகம் சிவந்திருந்தது. முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் வரிசையாக இருந்தன.

"முட்டை அவிச்சு வெச்சிருக்கேன். ரொட்டியோட சாப்பிடு" என்றாள் அக்கா. "ஏன் முகம் தொங்கிக் கிடக்கு? ரெண்டு நாளா பாக்கறேன், ஒரு வார்த்த பேச மாட்டேங்கிற."

பாப்பா ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "அக்கா, அன்னிக்கு உன் மாஸ்க்குல காத்து வரல."

"தெரியுமே."

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"தெரியாம? எனக்கு மூக்கு இல்லையா? பக்கத்து ஆளுக்கு உஸ்ஸுன்னு சத்தம் வருது. எனக்கு ஒண்ணையும் காணோம். பையும் சப்பையா தொங்குச்சு."

"அப்ப ஏன்க்கா சொல்லல? கையத் தூக்கியிருந்தா ஓடி வந்திருப்போமே."

"நல்லா இருக்கே. உன் ஆபீசரு எதிர்ல உக்காந்திருக்காரு, உன்கூட வேல பாக்கறவங்க எல்லாம் நிக்கறாங்க. நீ மூணு வருஷமா செஞ்ச சாமான். அத்தன பேர் முன்னாடி 'இதுல காத்து வரல'ன்னு கத்தி உன் மானத்த வாங்கச் சொல்றியா? அந்தாளு சரியா மாட்டியிருப்பாரு, நமக்குத்தான் அமையலன்னு கம்முனு இருந்துட்டேன்."

"இழுத்திருக்கலாமே."

"எவ்வளவு இழுக்கறது? மெல்லன்னு போட்டிருந்துச்சு. பிறத்தியார் பொருள்டி. லாண்டரில சேந்த மொத நாளே சொல்லிக்குடுத்தது அது. எதையும் இழுக்காத, பட்டன் போயிடும், தையல் விட்டுடும். இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு பட்டன் என் கையால போனதில்ல. உன் சாமான இழுத்துப் பிச்சுட்டா யாரு பதில் சொல்றது?" சட்டையைத் திருப்பிப் போட்டாள். "அதுவும் இல்லாம, நீ என்னைத் தெரியாத மாதிரி இருந்தியா. சரி, ஏதோ ஆபீஸ் விஷயம்போலன்னு நானும் தெரியாதவ மாதிரியே இருந்துட்டேன். நல்லா நடிச்சேன்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் பாப்பா துண்டைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு எழுதிட்டேன்."

"என்ன எழுதின?"

"உனக்குக் காத்து வரலன்னு கணக்குல சேத்தா மாஸ்க் தோத்துடும். அதனால... குறிப்பு புரியலன்னு எழுதி உன்ன நீக்கிட்டேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அக்கா அதை நிமிர்த்தி வைத்தாள். 

"எனக்குப் புரியலன்னா?"

"ஆமா."

"ரெண்டு தடவ படிச்சேன்டி அந்த அட்டைய." குரல் இறங்கிப்போயிருந்தது. "நீ எழுதினதாச்சேன்னு ஒரு வார்த்த விடாம படிச்சேன். அங்க வேற யாரும் தொடக்கூட இல்ல."

"தெரியும்க்கா."

"தெரியாதவ மாதிரி நின்ன, அது பரவால்ல. நான் அந்தச் செருப்போட வந்திருக்கக் கூடாது, என் மேலயும் தப்பு. ஆனா புரியலன்னு எழுதிட்டியே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பாப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டையை மடித்து, அடுக்கின் மேல் வைத்து, அடுத்ததை எடுத்தாள். கணவர் வந்து விளக்கைப் போட்டபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன, பிளேன் விழுந்துடுச்சா?" என்று கேட்டுப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் அவரும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தட்டைக் கழுவும்போது அக்காவே வாயைத் திறந்தாள். "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். எனக்கென்ன, நானா பிளேன்ல போகப்போறேன்?"

"போறவங்க இருக்காங்களேக்கா. உன்ன மாதிரி அட்டையப் படிச்சுட்டு, பிஞ்சிடுமோன்னு பயந்துட்டு, காத்து வரலன்னாலும் வாயத் திறக்காம உக்காந்திருக்கறவங்க."

அக்கா குழாயை மூடினாள். "அப்ப போய்ச் சொல்லு. என்னைப் பத்திச் சொல்லாத. நம்ம சொந்தம்னு தெரிஞ்சா உன் வேலைக்கு ஏதாவது ஆயிடும். வேற யாரோன்னே சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை பாப்பா அப்படியே செய்தாள். பாதி உண்மை.  கூட்ட அறையில் ஸ்டாப்வாட்சும் அந்த இரண்டு பொறியாளர்களும் இருந்தார்கள். கயிறு நீளம் என்றும், மெல்ல எடுத்தால் ஊசி கழலவில்லை என்றும், மூன்றாம் எண்ணை நீக்கியது தவறு என்றும் சொன்னாள். மூன்றாம் எண் யார் என்று சொல்லவில்லை. கூனிக் குறுகி நின்று சொல்லி முடித்ததும் ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது.

ஸ்டாப்வாட்ச் திட்டவில்லை, அவசரப்படவும் இல்லை. "அந்த அம்மாவக் கூப்பிடுங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயாலயே கேக்கணும்" என்றார்.

பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரவேற்புப் பெண் படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அக்கா பன்னிரண்டு மணிக்கு லாண்டரியிலிருந்து நேராக வந்தாள். தலை சீவி, நல்ல உடை உடுத்தி, டீச்சர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய செருப்பு போட்டிருந்தாள். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்து, காலையிலேயே அப்படிக் கிளம்பியிருக்கிறாள். உள்ளே வந்ததும் நான்கு பேருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னாள். பாப்பாவைப் பார்த்த பார்வையில் ஒரு பொட்டு அடையாளம் இல்லை.

"உக்காருங்கம்மா" என்றார் ஸ்டாப்வாட்ச். "அன்னிக்கு உங்க மாஸ்க்குல காத்து வரலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லைங்க. நான் கவனிக்கல."

"குறிப்பு அட்டை புரிஞ்சுதா?"

அக்கா மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டாள். "புரியலைங்க. மேடம் எழுதினது சரிதாங்க. எனக்கு அவ்வளவா விவரம் பத்தாது."

பாப்பாவின் காது சூடேறியது. நேற்று அக்காவுக்கு வலித்தது இந்த ஒரு வார்த்தைதான். அதையே இவளுக்காக எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திற, திற என்று பாப்பா தன்னையே திட்டிக்கொண்டாள். வாய் திறக்கவில்லை.

ஸ்டாப்வாட்ச் விடுகிற ஆளில்லை. "பரவால்லம்மா. அட்டைல என்ன இருந்துச்சு, ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்லுங்க."

இந்த இடத்தில் அக்கா மாட்டிக்கொண்டாள். தப்பாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. "மாஸ்க் விழுந்ததும் அருகில் இருப்பதை இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுக்கவும். மூக்கையும் வாயையும் மூடுமாறு பொருத்தவும். பட்டையைத் தலைக்குப் பின்னால் அணியவும். பை உப்பாவிட்டாலும் காற்று வரும். இயல்பாகச் சுவாசிக்கவும்." பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற குரலில் கடைசி வரை சொன்னாள்.

 ஸ்டாப்வாட்ச் மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஒரு எழுத்து மாறல" என்றார். பிறகு பாப்பா பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "இந்த 'மெல்ல' யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"அவங்க நீங்க எழுதினத எழுத்துக்கு எழுத்து செஞ்சிருக்காங்க. இருபத்து நாலு பேருல ஒழுங்கா படிச்ச ஒரே ஆளு. அவங்களப் போய் புரியலன்னு எழுதியிருக்கீங்க. உங்க சாமான் ஜெயிக்கணும்ங்கறதுக்காக ஒரு பெரிய மனுஷிய முட்டாளாக்கிட்டீங்க. வெக்கமா இல்ல?"

"அய்யோ, அவள ஒண்ணும் சொல்லாதீங்க!" அக்கா எழுந்தே விட்டாள். "அவ நல்லதுக்குத்தான் எழுதினா. பிச்சுடக் கூடாதேன்னுதான் எழுதினா. மூணு வருஷமா தூக்கமில்லாம..."

சட்டென்று நிறுத்தினாள். இரண்டு பொறியாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டாப்வாட்ச் அக்காவின் முகத்தையும் பாப்பாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அதே நெற்றி, அதே மூக்கு. இத்தனை நேரம் அவர் அதைக் கவனிக்கவில்லை.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கழுத்து வரை சிவந்துவிட்டது. "அவங்க... அவங்க எழுதினாங்கன்னு சொல்ல வந்தேங்க. வாய் தவறிடுச்சு. மேடத்த எனக்குத் தெரியாதுங்க."

"போதும்க்கா" என்றாள் பாப்பா.